ஊறட்டும்

பூட்டிக் கிடந்த அடுத்த அறைக்குள் தொலைபேசி அலறியது.

பல்கலைக்கழக வெப்சைட் பிரிவின் திங்கட்கிழமைக் கூட்டம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. மேஜையைச் சுற்றி மூன்று பேர், மூன்று கோப்பைத் தேநீர். சுவருக்கு அந்தப் பக்கம் மணி விடாமல் அடித்தது.

"பேய்க்குப் போன் வந்துருச்சு," என்றார் வாத்தியார். முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். இப்போது வெப்சைட்டில் வருகிற எழுத்தையெல்லாம் திருத்துகிறவர்.

"எடுக்கவே மாட்டேங்குது பாருங்க. சோம்பேறிப் பேய்," என்றாள் புதுசு. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை.

மணி நின்றது. அந்த அறை பல்கலைக்கழகத்தின் பழைய கிளினிக். நோயாளி இரண்டு மாடி ஏறித்தான் மாத்திரை வாங்க வேண்டுமா என்று பல வருடம் கேட்டுக் கேட்டு, மழைக்காலத்துக்கு முன்னால் ஒருவழியாக அதைக் கீழே, விளையாட்டு மைதானத்தின் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கட்டில்கள் போயின, மருந்து அலமாரி போனது. தொலைபேசி இணைப்பை மட்டும் யாரும் துண்டிக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த 'இடம் மாறிவிட்டது' தாளையும் வெள்ளையடிக்க வந்தவர்கள் கிழித்துவிட்டார்கள்.

"பேயை விடுங்க. அடுத்தது என்ன?" என்றார் தராசு.

தராசு அந்தப் பிரிவின் தலைவர். அவர் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எல்லாத் துறைகளும் தங்கள் பக்கம், தங்கள் படம், தங்கள் அறிவிப்பு என்று இவரிடம்தான் விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். செய்வதற்கு இருப்பதோ மூன்று பேர். ஒரே ஒரு நாவிதர் முன்னால் ஊரே தாடியோடு உட்கார்ந்த கதை. யார் தாடியை முதலில் எடுப்பது?

அதற்குத்தான் தராசு ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று கேள்வி. எத்தனை பேருக்கு உதவும்? எந்தத் தேதிக்குள் வேண்டும்? செய்யாவிட்டால் என்ன கெடும்? ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி விரல் காட்ட வேண்டும். ஒன்றுமில்லாததற்கு ஒரு விரல், தலை போகிறதற்கு ஐந்து. விரல்களைக் கூட்டி, அதிகம் வாங்கியது 'அடுப்பு'க்குப் போகும். இந்த வாரமே வேலை. நடுவில் உள்ளது 'வரிசை'. தேதியே போடாமல் வந்தது எதுவானாலும் விரலே கிடையாது. நேராக 'ஊறல்', அதாவது கிடப்பு.

ஊறலில் விழுந்தது எழுந்து வர ஒரே வழிதான் உண்டு. அனுப்பியவர் இரண்டாவது முறை கேட்க வேண்டும்.

"தேவைன்னா திரும்பக் கேப்பான். கேக்கலைன்னா தேவையில்லன்னு அர்த்தம்," என்பது தராசின் வாக்கு. ஊறலில் போட்டதில் பாதி அங்கேயே கிடந்து மறந்துபோயிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், கொல்லாமலே எலியை ஒழித்தவனின் பெருமை தெரியும்.

"வரலாற்றுத் துறைத் தலைவர்," என்று வாசித்தாள் புதுசு. "அவரோட சிலைத் திறப்பு விழாப் படம் முதல் பக்கத்துல வரணுமாம். நாலாவது தடவை கேக்கறார்."

"உயிரோட இருக்கறவருக்கா சிலை?" என்றார் வாத்தியார்.

"சிலை வேற யாருக்கோ. இவர் ரிப்பன் வெட்டினார். ரிப்பன் நல்லாத் தெரியணுமாம்."

"எத்தனை பேருக்கு உதவும்?" என்றார் தராசு.

வாத்தியார் இரண்டு விரலைக் காட்டினார். "ஒண்ணு அவருக்கு. ஒண்ணு அவர் மாமியாருக்கு. இப்பவாவது மதிக்கறாங்களான்னு பாப்பம்."

புதுசு தேநீர் சிந்தச் சிரித்தாள். ஆனாலும் படத்துக்குத் தேதி இருந்தது, நாளைக்குள் வேண்டும். நாலு தடவை கேட்டாயிற்று. படம் அடுப்புக்குப் போனது.

சுவருக்கு அப்பால் மறுபடி மணி அடிக்க ஆரம்பித்தது.

"சார்," என்றாள் புதுசு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி. "ஊறல்ல கிளினிக் விண்ணப்பம் ஒண்ணு கிடக்கு. இடமும் போன் நம்பரும் மாத்தச் சொல்லி. வந்து ரொம்ப நாளாச்சு. அஞ்சு நிமிஷ வேலை சார், போட்டுரவா?"

"எல்லாமே அஞ்சு நிமிஷ வேலைதாம்மா. அஞ்சஞ்சு நிமிஷமா சேத்துத்தான் நமக்கு முடி நரைச்சுது. தேதி போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"ரெண்டாவது தடவை கேட்டாங்களா?"

"இல்ல."

"அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பாக்கறாங்க?"

"ரொம்பக் கம்மி."

"அப்புறம்? நல்லா இருக்கறவன் எவன் கிளினிக் பக்கத்தைப் போய்ப் பாத்துட்டு உக்காந்திருக்கப் போறான்?"

புதுசு சற்றுத் தயங்கினாள். "அனுப்பினது மேடம் சார். உங்க வீட்டு மேடம்."

வாத்தியார் கோப்பைக்குள் சிரித்தார். தராசுக்கும் அது தெரியாததல்ல. விண்ணப்பம் வந்த அன்றே பெயரைப் பார்த்திருந்தார். அவர் மனைவிதான் கிளினிக்கின் நர்ஸ்.

"அப்படின்னா இன்னும் நல்லா ஊறட்டும்," என்றார். "பொண்டாட்டி அனுப்பினதைத் தூக்கி மேல வச்சேன்னு வைய்யி, நாளைக்கு இந்தத் தராசை எவன் நம்புவான்?"

மணி நின்றது.

அன்று காலையில் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதன் கழுத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டினாள். ரொட்டியை முட்டையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் பெயர் வாலு. அதே பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கிறாள், ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள், காற்றில் தூசி ஏறினால் நெஞ்சு இழுக்கும்.

"அம்மா, குழாயை அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேனே."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"அப்ப நடக்காது. அப்பா ரெண்டாவது தடவைக்குத்தான் தலையையே திருப்புவார். முதல் தடவை நாம நம்ம திருப்திக்குச் சொல்லிக்கறது."

"வாயை மூடிட்டுத் தின்னு. ஆபீஸ்ல ஊரே அவர் கழுத்துல உக்காந்திருக்கு. ஒருத்தர் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஓடி ஓடிச் செஞ்சு குடுத்துட்டு வர்றார். வீட்டுக்கு வர்றப்ப மிச்சம் இருக்கறது சட்டை மட்டும்தான்."

தராசு மறுக்கவில்லை. அந்தச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வெளியே வறண்ட காற்று புதுக் கட்டடங்களின் சிமெண்ட் தூசியை வாரிக்கொண்டு போனது.

"இன்ஹேலர் எடுத்துக்கிட்டியாடி?"

"பையில இருக்கும்மா."

பையில்தான் இருந்தது. ஆனால் அவள் தோளில் மாட்டிக்கொண்டு போனது வேறு பை.

இப்போது ஆபீஸ் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் ஓடி வரும் சத்தமல்ல. கனமான எதையோ தூக்கிக்கொண்டு பலர் ஏறி வருகிற, மூச்சு வாங்குகிற, தடுமாறுகிற சத்தம். பிறகு அடுத்த அறைக் கதவில் இடி விழுந்தது. உள்ளங்கையால், முஷ்டியால், கடைசியில் காலால். மேஜை மேலிருந்த கோப்பைகள் அதிர்ந்தன.

"தொறங்க. யாராவது தொறங்க."

தராசு எரிச்சலோடு கதவைத் திறந்து தலையை நீட்டினார். வராந்தாவில் மாணவர்கள் நாலைந்து பேர், புழுதியும் வேர்வையுமாக. நடுவில் நெட்டையாய் ஒருவன், ஒரு பெண்ணைத் தோளோடு அணைத்துத் தாங்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் தலைமுடி மறைத்திருந்தது.

"கிளினிக் மாறிப் போயி எவ்வளவு நாளாச்சு. மைதானத்துப் பக்கம் போங்கப்பா," என்றார் தராசு. "கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்டைப் பாக்க மாட்டீங்களா?"

நெட்டையன் அவரை வெறித்துப் பார்த்தான். "பாத்துட்டுத்தான் சார் வந்தோம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. விரிசல் விழுந்த புல்லாங்குழலில் குழந்தை ஊதுவதுபோல ஒரு மெல்லிய விசில். அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். எத்தனையோ குளிர்காலங்களில் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறார். அவர் கண் கீழே இறங்கியது. நீல நிறக் காலணி. ஒன்றில் நீலக் கயிறு, ஒன்றில் மஞ்சள் கயிறு. வேண்டுமென்றே அப்படிக் கட்டுவாள். கேட்டால், "வலது எது இடது எதுன்னு ஓடறப்ப மறந்துரக் கூடாதுல்ல" என்பாள்.

கதவு நிலையைப் பிடித்த தராசின் கை அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டதுபோல் இருந்தது. தன் மகளின் உதடு நீலம் பாரித்திருப்பதை, முடிச் சுருளுக்கு நடுவே அவள் கண் தன்னைக் கண்டுகொள்வதை, யாரோ வேறொருவர் வீட்டுச் சம்பவம்போல அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாத்தியார்தான் அவரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "ஐயோ, நம்ம வாலு. சார், மேடத்துக்குப் போன் போடுங்க. வண்டியோட வரச் சொல்லுங்க."

தராசு கைபேசியை எடுத்தார். மனைவியின் கைபேசிக்கு அடித்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவள் கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள் என்பது மூன்றாவது மணியில் நினைவு வந்தது.

"கிளினிக் நம்பர், சார்? புது நம்பர்?" என்றார் வாத்தியார்.

"தெரியல."

"உங்களுக்குமா தெரியல?"

புதுசு ஏற்கனவே மேஜைக்கு ஓடியிருந்தாள். பல்கலைக்கழக வெப்சைட்டைத் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊறலைத் திறந்தாள். நர்ஸ் அனுப்பிய விண்ணப்பத்தில் புது எண் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினாள்.

ஒரே மணியில் எடுத்தார்கள். "கிளினிக். சொல்லுங்க," என்றது நர்ஸின் குரல்.

"மேடம், ஒரு பொண்ணுக்கு மூச்சு இழுக்குது. இங்க, பழைய இடத்துக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

"படிக்கட்டுல நடக்க விடாதீங்க. உக்கார்ந்தமாதிரியே தூக்கிட்டு வாங்க, படுக்க வைக்காதீங்க. காவலாளியோட பேட்டரி வண்டியை நான் கீழ நிறுத்தச் சொல்றேன். பொண்ணு யாரு, எந்தத் துறை?"

புதுசு தராசைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். ஒரு பக்கம் நெட்டையன், மறுபக்கம் தராசு. இரண்டு மாடி. ஒவ்வொரு படியிலும் அந்த விசில் சத்தம் இன்னும் மெலிந்தது. வழியில் தராசு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கப்பா விழுந்தா?"

"மைதானத்துல சார், பந்தயம் ஓடறப்ப. ஒரு வெள்ளைச் சுவர் இருக்குல்ல, அதுல சாஞ்சு உக்காந்துட்டா. பேச முடியல. நாங்க போன் பண்ணினோம், யாரும் எடுக்கல. சரின்னு தூக்கிட்டு ஓடி வந்தோம்."

தராசின் கால் ஒரு படியைத் தவறவிட்டது. நாற்காலி சாய்ந்தது. நெட்டையன் தாங்கிப் பிடித்தான்.

அந்த வெள்ளைச் சுவரை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் ஸ்கூட்டரில் மனைவியை அதன் மறுபக்கத்தில்தான் இறக்கிவிடுகிறார். புதுக் கிளினிக்கின் பின்சுவர் அது. பெயர்ப் பலகை இன்னும் எழுதி வரவில்லை. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவளைத்தான், பல்கலைக்கழகத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு, வெயிலிலும் தூசியிலும் தூக்கி வந்திருக்கிறார்கள்.

வண்டி நின்றபோது நர்ஸ் வாசலில் சக்கர நாற்காலியோடு காத்திருந்தாள். முகம் தெரியும் முன்னே காலணி தெரிந்தது. அவள் கை ஒரு கணம், ஒரே கணம், அந்தரத்தில் நின்றது. பிறகு கணவனின் மார்பில் பட்டது.

"தள்ளுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் மாஸ்க், மருந்தைப் புகையாக ஊதும் மெஷின், விரல் நுனியில் மாட்டும் கிளிப், டாக்டர் கேட்பதற்கு முன் நீட்டப்பட்ட ஊசி. எல்லாம் நடந்தன. "உள்ள இழு. மெதுவா. வெளிய விடு. பயப்படாத, இங்கதான் இருக்கேன். இன்னொண்ணு," என்று யாரோ ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தராசு சுவரோரம் நின்றார். வெள்ளைச் சுவர். வாலு வெளியே சாய்ந்திருந்த அதே சுவர்தான், உட்பக்கம் பச்சை அடித்திருந்தார்கள்.

உதட்டின் நீலம் மெல்ல வடிந்தது. வாலு கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்குள்ளிருந்து எதையோ முனகினாள். நர்ஸ் குனிந்து கேட்டாள்.

"என்ன சொல்றா?" என்றார் டாக்டர்.

"யார் ஜெயிச்சாங்கன்னு கேக்கறா."

டாக்டர் சிரித்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். "இனி பயமில்ல. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நர்ஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஏம்ப்பா, அவ்வளவு தூரம் எதுக்குப் போனீங்க? இங்க எட்டிப் பாத்திருக்கலாமே."

"இது கிளினிக்குன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? போர்டு இல்ல. வெப்சைட்டுல பழைய கட்டடம், ரெண்டாவது மாடின்னு போட்டிருக்கு," என்றான் நெட்டையன். "நான் அந்த நம்பருக்கு ரெண்டு தடவை அடிச்சேன். அடிச்சுட்டே இருந்துச்சு. யாரும் எடுக்கல."

தராசுக்கு மணிச் சத்தம் கேட்டது. இப்போது, இங்கே, காதுக்குள். பேய்க்குப் போன். சோம்பேறிப் பேய். தேநீர் சிந்தச் சிரித்த சிரிப்பு. இன்று மட்டுமா அடித்தது? போன வாரம் அடித்தது. அதற்கு முந்தின வாரமும். அப்போதெல்லாம் யார் யார், எங்கே எங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்?

"அதான் விஷயமா?" என்றார் டாக்டர் மெதுவாக. "புது இடத்துக்கு வந்ததுல இருந்து கூட்டமே இல்ல. பசங்க திடீர்னு ஆரோக்கியமாயிட்டாங்கன்னு நான் சந்தோஷப்பட்டுட்டிருந்தேன்."

தராசின் கைபேசி துடித்தது. வரலாற்றுத் துறைத் தலைவர், ஐந்தாவது முறை. அவர் அதை அணைத்தார். மறுபடி துடித்தது. இம்முறை புதுசிடமிருந்து செய்தி: 'மாத்திட்டேன் சார்.'

அதைச் செய்ய, ஆறிப்போன தேநீரைச் சூடு பண்ணுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

மதியம் தாண்டியதும் மாணவர்கள் போனார்கள். வாலு தூங்கினாள். மெஷினை நிறுத்திய பிறகு அறையில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. நர்ஸ் வெளியே வந்து பெஞ்சில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"டப்பாவுல ரொட்டி இருக்கு."

"வேணாம்."

"என் தப்புதாங்க," என்றாள் நர்ஸ்.

தராசு திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன உன் தப்பு?"

"இடம் மாத்தினப்பவே உங்க ஆபீஸுக்கு அனுப்பினேன். கம்ப்யூட்டர்ல எதையோ தப்பா அமுக்கியிருப்பேன், வந்து சேந்திருக்காது. சேந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புத்தி இல்லாம விட்டுட்டேன். பெத்த பொண்ணையே..."

தராசு தன் கைகளைப் பார்த்தார். ஆமாம், வந்து சேரவில்லை என்று சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள். வாத்தியார் காட்டிக்கொடுக்கிற ஆளில்லை. புதுசும் வாய் திறக்க மாட்டாள். உள்ளே வாலு தூக்கத்தில் இருமினாள். இருவரும் ஒரே நேரத்தில் எழப் போனார்கள். இருமல் அடங்கியது. உட்கார்ந்தார்கள்.

"வந்துச்சு," என்றார் தராசு.

"என்னது?"

"உன் விண்ணப்பம். நீ அனுப்பின அன்னைக்கே வந்துச்சு. நான் பாத்தேன்."

நர்ஸ் அவரையே பார்த்தாள்.

"பாத்தீங்களா? அப்புறம்?"

"நீ தேதி போடல."

"என்ன தேதி போடறது? நாங்கதான் ஏற்கனவே மாறிட்டோமே."

மூன்று கேள்வி, பதினைந்து விரல், இத்தனை வருடம். நேற்றே செய்திருக்க வேண்டியதற்கு என்ன தேதி போடுவது என்று ஒருவர்கூடத் தராசைக் கேட்டதில்லை.

"தேதி இல்லாம வர்றதையெல்லாம் தனியா ஒதுக்கி வச்சிருவோம்," என்றார், தரையைப் பார்த்தபடி. "ஊறல்னு பேரு. அனுப்பினவங்க ரெண்டாவது தடவை கேட்டாத்தான் எடுப்போம். கேக்கலைன்னா அவ்வளவு தேவையில்லன்னு விட்டுருவோம். அதான் முறை. நான் வச்ச முறைதான்."

நர்ஸ் முழுதாக அவர் பக்கம் திரும்பினாள். எத்தனையோ வருடமாகப் பக்கத்தில் படுத்து எழுந்த மனிதனை, முதல்முறை சீட்டு வாங்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்த நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஆபீஸ்லயும் இப்படித்தானா நீங்க?"